ஆல்டைம் டெஸ்ட் ஃபேன்டஸி லீக்: முதல் தேர்வு பிராட்மேனா?

ராயபுரம் ஸ்டிரைக்கர்:
எங்கள் ராயபுரம் கேரம் கிளப்பில் எட்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு கற்பனை கிரிக்கெட் அணிக்கு மாறி மாறி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் லீக் தொடங்குகிறோம். டெஸ்ட் ஆடி ஓய்வு பெற்ற யாரையும் எடுக்கலாம். ரன்னுக்கு 1 புள்ளி, விக்கெட்டுக்கு 20, கேட்சுக்கு ஒன்றுமில்லை. மொத்தத்தை ஆடிய டெஸ்ட்களால் வகுத்து வருவதுதான் அவர் மதிப்பு. சீட்டு குலுக்கியதில் முதல் தேர்வு எனக்கு, ஆனால் அடுத்த சுற்று தலைகீழாக வருவதால் என் முறை வருவதற்குள் 14 பேர் போய்விடுவார்கள். 99.94 பேட்டிங் சராசரிக்கு மேல் என்ன யோசனை, ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மேனை எடு என்கிறார்கள் எல்லோரும். எனக்கு மனசு ஒப்பவில்லை. கீப்பர் ஒருவர் கட்டாயம்.

தண்டையார்பேட்டை ஆஃப்ஸ்பின்:
தலைவா, சராசரியை விடுங்கள், உங்கள் விதிக்குக் கணக்கு போடுங்கள். பிராட்மேன் 52 டெஸ்டில் 6996 ரன், அதாவது டெஸ்டுக்கு சுமார் 135. வெஸ்ட் இண்டீஸ் ஆல்ரவுண்டர் சோபர்ஸ் 93 டெஸ்டில் 8032 ரன், 235 விக்கெட், அது 137. பழைய இங்கிலாந்து பவுலர் எஸ்.எஃப். பார்ன்ஸ் 27 டெஸ்டில் 189 விக்கெட், விக்கெட் மட்டுமே 140! நம்ம அஷ்வினைப் பாருங்கள், 106 டெஸ்ட், 537 விக்கெட், 3503 ரன், 134 வருகிறது. நியூசிலாந்து ஆல்ரவுண்டர் ஹாட்லி 136.6. சச்சின் பந்துவீச்சையும் சேர்த்து 84தான். இந்த விதி முழுக்க பவுலர் பக்கம், அதிலும் பேட் பிடிக்கத் தெரிந்த பவுலர் பக்கம். என் ஓட்டு பார்ன்ஸ்.

பெரம்பூர் ஸ்லிப்:
தம்பி, பார்ன்ஸ் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 189-ல் 83 விக்கெட் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வெறும் 7 டெஸ்டில் வந்தவை, அன்றைக்கு அது பலவீனமான அணி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 20 டெஸ்டில் 106, அதுவும் பெரிய சாதனைதான், ஆனால் 140 இல்லை, 106 புள்ளி. விக்கெட்டுக்கு 10.75 ரன் மட்டுமே கொடுத்த பழைய இங்கிலாந்து பவுலர் லோமனும் இதே கதை, அந்தக் காலத்தில் பிட்ச்சை மழையில் மூடுவதில்லை, எல்லா பவுலருமே குறைந்த ரன்னில் விக்கெட் எடுத்தார்கள். கூட ஆடியவர்களைவிட எவ்வளவு மேலே நின்றார் என்பதைத்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் பிராட்மேன் பக்கத்தில் யாரும் வர முடியாது. ஆனால் உங்கள் லீக் அதை அளக்கவில்லையே. பார்ன்ஸின் 140-ம் அப்படி வந்ததுதான், அதனால் அடுத்து நிற்கும் சோபர்ஸை எடு.

இன்னொன்று, 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் இந்தியா 190-க்கு ஆல் அவுட், அதில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. இந்தியா ஜெயித்த மேட்ச். உங்கள் கணக்கில் அது வெறும் 97 புள்ளி. கஷ்டமான பிட்ச்சில் அடித்த ரன்னுக்குக் கூடுதல் புள்ளி வைக்கச் சொல்லி கிளப்பில் பேசிப் பார்.

ராயபுரம் ஸ்டிரைக்கர்:
சரிண்ணே, சோபர்ஸ்தான். விஸ்வநாத் விஷயத்தைக் கட்டாயம் பேசுகிறேன். கீப்பருக்கு 16-வது தேர்விலேயே கில்கிறிஸ்ட்டை எடுத்துவிடவா?

தண்டையார்பேட்டை ஆஃப்ஸ்பின்:
வேண்டாம். கில்கிறிஸ்ட் 58, தோனி 54, பெரிய வித்தியாசமில்லை, ஒருவர் போனாலும் இன்னொருவர் கிடைப்பார். ஜிம்பாப்வே கீப்பர் ஆண்டி ஃப்ளவர் 76. அதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்டுவிடுங்கள்: முழு கெரியரிலும் கீப்பராக இருந்திருக்க வேண்டுமா? தேவையில்லை என்றால் சங்கக்காரா வருவார், 134 டெஸ்டில் 12400 ரன், அது 92.5. அவர் கீப்பிங் செய்தது 48 டெஸ்டில்தான், தேர்வு தொடங்கிய பிறகு கேட்டால் சண்டை வரும். மற்றவர்கள் பேரைப் பார்த்து சச்சின், லாரா என்று போனால் ஹாட்லியோ அஷ்வினோ 16-வதில்கூட மிஞ்சலாம், இருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.