வீடு வீடாகக் கேட்டாலும் "பரவாயில்லை" என்றே சொல்கிறார்கள். கணக்கெடுப்பை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊராட்சியில் சுமார் 640 வீடுகள். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பு குடிநீர், தெருவிளக்கு, குப்பை பற்றியும், ஊராட்சி அறிவிப்புகள் மக்களுக்கு எப்படித் தெரியவருகின்றன என்றும் கேட்டு எழுத நான்கு பேர் கிளம்பினோம். முதலில் கூகுள் படிவத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். 43 பேர் நிரப்பினார்கள். பெண்கள் 5 பேர்தான். சரி என்று வார்டு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு நேரில் போனோம். "குடிநீர், தெருவிளக்கு வசதி திருப்தியா?" என்றால் எல்லோரும் "பரவாயில்லப்பா" என்கிறார்கள். ஆனால் மேட்டுத் தெருவில் தண்ணீர் ஏறாமல் பெண்கள் குடத்தோடு இறங்கி வருவதைத் தினமும் பார்க்கிறேன். எங்கே தப்பு செய்கிறோம்?

பதில் 1:
அடுத்த முறை உறுப்பினர் இல்லாமல் போங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? நாளைக்கு ஒரு வேலை என்றால் அவரிடம்தானே போக வேண்டும்! பெயர் எழுத வேண்டாம், தெரு போதும். அப்புறம், குடிநீரையும் விளக்கையும் ஒரே கேள்வியில் சேர்த்தால் பதில் எதற்கு என்றே தெரியாது. பிரித்துக் கேளுங்கள்.

பதில் 2:
"திருப்தியா" என்பதையே எடுத்துவிடுங்கள் தம்பி. "நேற்று எத்தனை குடம் பிடித்தீர்கள்? குழாயில் எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 15 குடம். ஆறு குடம்தான் வந்தது என்று ஓர் அம்மா சொன்னால் அதை யாரும் மறுக்க முடியாது.

பதில் 3:
640 வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் எட்டு வீட்டுக்கு ஒன்று, மொத்தம் 80. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடிக்காமல் மாலையில் திரும்பப் போங்கள். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீடுதான். காலனிக் கணக்கைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஊர்க் கணக்கோடு கலந்தால் அங்குள்ள குறை சராசரியில் கரைந்துவிடும். நால்வரில் இருவராவது பெண்களாக இருந்தால் நல்லது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அறிவிப்பு பற்றி எப்படிக் கேட்பது?

பதில் 2:
"போன கிராம சபை நடக்கப்போவது உங்களுக்கு யார் சொல்லித் தெரிந்தது, எத்தனை நாள் முன்னால்?" இது போதும். முன்பு தண்டோரா போடுவார்கள். அது மனிதரை இழிவுபடுத்தும் வழக்கம். 2022இல் தலைமைச் செயலர் அதை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னது சரியான முடிவு. ஆனால் அந்த வண்டி உங்கள் ஊரில் கடைசித் தெரு வரை வருகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
80 வீடும் முடிந்தது. மேட்டுத் தெருவில் கேட்ட 9 வீட்டில் 7 வீட்டுக்கு ஆறு குடத்துக்கும் கீழே. கிராம சபை நடப்பது முன்கூட்டியே தெரிந்தது 80இல் 22 வீட்டுக்குத்தான். காலனியில் ஒரு வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை. இனி என்ன செய்ய?

பதில் 3:
முதலில் கணக்கை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள், பதில் சொன்னவர்கள் பார்க்கட்டும். சபையில் மேட்டுத் தெரு அம்மா ஒருவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.