புதுப்பிப்பு: எட்டுக்குப் பத்தடி சமையலறை

நான் வரைந்துகொண்டிருக்கும் சமையலறை வரைபடத்தில் அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேனே, 'எல்' வடிவ மேடை முடிவாகிவிட்டது. ஃபிரிட்ஜ் வாசல் பக்கம். மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள் இருக்கணும் என்ற விதிக்கும் சரியாக வருகிறது. 1940களில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில் உருவான விதி அது. பாவம், அவர்களுக்கு கிரைண்டர் கவலை இல்லை! அதற்கும் மிக்ஸிக்கும் மூலையில் தனி பிளக் பாயிண்ட் போட்டிருக்கிறேன்.

அதிகம் மண்டையைக் குடைந்தது மேடை உயரம்தான். பாடத்தில் சொல்லும் வழக்கமான உயரம் 36 அங்குலம். அம்மா ஐந்தடி, அந்த உயரத்தில் காய் நறுக்கினால் தோள் வலிக்கும். மடக்கிய முழங்கைக்கு ஐந்தாறு அங்குலம் கீழே என்று அளந்ததில் 32 வந்தது. அதையே வரைந்துவிட்டேன். அடுத்து சிம்னி குழாய்க்கு வழி பார்க்க வேண்டும்.