பக்கியின் ஸ்டீயரிங் ராக்கை வெட்டலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். பழைய மாருதி 800 ராக்கை (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகரும் பல் தண்டு) போட்டு, எஞ்சின் பின்னால் இருக்கும் ஆஃப்ரோடு பக்கி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் சிறிய வண்டி) ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஏற்றினால், ஸ்டீயரிங்கைத் தொடாமலே டயர் திரும்புகிறது. பம்ப் ஸ்டீர்தான், சந்தேகமே இல்லை. டை ராடின் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) உள்மூட்டு, மேல் கீழ் ஆர்ம்களின் உள் பிவட்களை (ஆர்ம் சட்டத்தோடு சேர்ந்து அசையும் இடங்கள்) இணைக்கும் கோட்டில் வர வேண்டும். எனக்கோ ஒவ்வொரு பக்கமும் 40 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. ராக்கை வெட்டி வெல்டு வைக்க மனம் வரவில்லை. பள்ளத்தில் விட்டுப்போனால் கதை முடிந்தது. முனைகளில் பிராக்கெட் பூட்டி மூட்டை உள்ளே இழுத்தால் வளைந்துவிடுமா? இல்லை, ஆர்ம் பிவட்களையே வெளியே தள்ளுவதா? அக்கர்மேன் விஷயத்தை (வளைவில் உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வேண்டிய கணக்கு) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெல்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.