புதுப்பிப்பு: நீர்ப் பாதுகாப்புப் பேச்சு நடந்து முடிந்தது

சேலத்தில் எங்கள் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு நீர்ப் பாதுகாப்பு பற்றிப் பேச ஆள் கிடைக்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். தீயணைப்புத் துறையில் விசாரிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஓய்வுபெற்ற வீரர் ஒருவர் வந்தார்.

வரவேற்புரை, வரவு செலவுக் கணக்கு எல்லாம் வழக்கம்போல் இழுத்தது, அதை விடுங்கள். அவர் பேச ஆரம்பித்ததும் அரங்கமே அமைதியாகிவிட்டது. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராதாம். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்கும். மூச்சு விடவே நேரம் போதாதபோது எங்கே கத்துவது?

"நீங்கள் குதிக்காதீர்கள்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கரையில் படுத்துக்கொண்டு வேட்டி, சேலை, கயிறு எதையாவது வீச வேண்டும். மூடிய காலிக் கேன்கூட மிதக்க உதவும். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தப்பு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். 108-க்கு உடனே இன்னொருவர் அழைக்க வேண்டும்.

முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய மூத்த உறுப்பினர் ஒருவர், மேட்டூர்க் காவிரியில் அந்தத் தைரியம் செல்லாது என்றார். கிணற்றில் இழுப்பு கிடையாதே!

அப்புறம், செய்முறைக்குச் சேலை கொடுத்த அக்கா, அது என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துத் தருகிறேன்.