ரெஃபரன்ஸ் பட்டியல்: மருத்துவக் கைப்பிரதிகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் தவறுகள்

பிரதி திருத்துநர்

ரெஃபரன்ஸில் தவறு என்றதும் எல்லாரும் வேர்டு கோப்பைத் திறந்து கமாவையும் புள்ளியையும் தேடுகிறார்கள். தவறு பெரும்பாலும் அங்கே பிறப்பதில்லை. ஸோட்டெரோ, எண்ட்நோட் போன்ற ரெஃபரன்ஸ் மென்பொருளில் சேமித்த பதிவிலேயே அது இருக்கிறது. பட்டியலில் கையால் திருத்தினால், அடுத்த ரிஃப்ரெஷில் பழைய தவறே திரும்ப வந்து உட்காரும். பதிவைத் திருத்துங்கள், பட்டியல் தானாகச் சரியாகும்.

அமைப்புகளின் பெயர்தான் முதலில் சிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை எண்ட்நோட்டில் அப்படியே உள்ளிட்டால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ‘ஆர்கனைசேஷன் டபிள்யூஹெச்’ என்று அச்சிடும். பெயரின் முடிவில் ஒரு கமா சேர்த்தால் போதும், முழுப் பெயரும் அப்படியே நிற்கும். ஸோட்டெரோவில் ஆசிரியர் வரியின் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானால் இரண்டு கட்டங்களை ஒரே கட்டமாக்க வேண்டும். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரில் எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

அடுத்தது தலைப்பு. சில தளங்களிலிருந்து இறக்கும் பதிவில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். மருத்துவ ஜர்னல்கள் பல கேட்கும், எண்ணிட்டு மேற்கோள் காட்டும் வான்கூவர் முறையில் கட்டுரைத் தலைப்புக்கு முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்து. ஸோட்டெரோவில் தலைப்பின் மேல் வலது க்ளிக் செய்தால் மாற்றும் வசதி உண்டு. ஆனால் மாற்றியபின் கண்ணால் ஒரு முறை பாருங்கள்: மரபணுப் பெயர்களும் சுருக்கங்களும் அந்த ஒரு க்ளிக்கில் சின்ன எழுத்தாகிவிடலாம்.

மருத்துவ நூலகர்

‘வான்கூவர்’ என்று எழுதியிருந்தால் எல்லா ஜர்னலும் ஒரே மாதிரி கேட்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1978இல் மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் சிலர் வான்கூவர் நகரில் கூடி உருவாக்கிய பொது விதிகளிலிருந்து வந்த பெயர் அது. ஐ.சி.எம்.ஜே.இ. என்று இன்று நாம் சொல்லும் மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழுவும் அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்ததுதான். விதியின் எலும்புக்கூடு ஒன்று. சதை ஜர்னலுக்கு ஜர்னல் மாறும்.

ஆசிரியர் எண்ணிக்கையையே பாருங்கள். ஐ.சி.எம்.ஜே.இ. மாதிரியில் ஆறு பேர் வரை எல்லாரையும் எழுதுவோம். ஏழாவது ஒருவர் இருந்தால் முதல் ஆறு பேருக்குப் பின் ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்). அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏ.எம்.ஏ. முறையிலும் எல்லை ஆறுதான், ஆனால் ஏழானால் முதல் மூன்று பேர் மட்டுமே. செவிலியம், உளவியல் பக்கம் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையைக் கேட்பார்கள். அதன் ஏழாம் பதிப்பில் 20 பேர் வரை அத்தனை பேரும் வர வேண்டும்.

பக்க எண்ணிலும் இதே கதை. தேசிய மருத்துவ நூலகத்தின் என்.எல்.எம். முறையில் 284-7. ஏ.எம்.ஏ.வில் 284-287. வால் பகுதி இப்படி இருக்கும்: 2002;347(4):284-7. ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, இதழ் எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி, நடுவில் எங்கும் இடைவெளி கிடையாது. இணையத்தில் மட்டும் வரும் ஜர்னல்களில் பல பக்க எண் தருவதில்லை. அங்கே ‘இ’ எழுத்தோடோ வெறும் எண்ணாகவோ வரும் கட்டுரை எண்ணை இடுங்கள். பி.டி.எஃப்.பில் அச்சாகியிருக்கும் 1-12 அந்தக் கோப்பின் பக்கக் கணக்கு மட்டும்தான்.

ஜர்னல் பெயர்ச் சுருக்கத்தை ஊகித்து எழுதக் கூடாது. என்.எல்.எம். கேட்டலாக்கில் பெயரைப் போட்டால் சுருக்கம் வரும். லான்செட் போன்ற ஒற்றைச் சொல் பெயருக்குச் சுருக்கமே இல்லை. கட்டுரை வெளியானபோது இருந்த பெயர்தான் செல்லும் என்பதையும் கவனியுங்கள். பி.எம்.ஜே. அந்தப் பெயருக்கு மாறியது 1988இல். 1970களின் கட்டுரைக்குப் பழைய பெயரின் சுருக்கமான ‘பிஆர் மெட் ஜே’ வர வேண்டும்.

ஆய்வுகளைத் தொகுத்து அலசி, அவ்வப்போது புதுப்பிக்கப்படும் காக்ரேன் ரிவ்யூ என்றால் இன்னும் ஒரு கண் அதிகம் வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் டி.ஓ.ஐ. என்னும் நிரந்தர இணைய அடையாள எண்ணின் கடைசியில் பப்2, பப்3 என்று மாறும். வாசித்தது பப்3, பட்டியலில் பப்2 என்றால் முடிவே வேறாக இருக்க வாய்ப்புண்டு.

மதிப்பாய்வாளர்

வடிவம் சரியாக இருந்தும் ரெஃபரன்ஸ் பொய்யாக இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது வாசகரை ஏமாற்றும் விஷயம், கமா தவறு மாதிரி அல்ல. ஏ.ஐ. கருவி எழுதித் தந்த பட்டியலில் ஆசிரியர், ஜர்னல், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. டி.ஓ.ஐ. திறக்கிறதா என்று பார்த்தால் போதாது. திறந்த பக்கத்தின் தலைப்பும் உங்கள் வரியின் தலைப்பும் ஒன்றா என்று பாருங்கள். வேறு கட்டுரையின் டி.ஓ.ஐ. ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் சோதியுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அந்தக் கட்டுரையின் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும். ஸோட்டெரோ, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச்சின் தரவோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பட்டை காட்டும். கைப்பிரதியை அனுப்பும் நாளில் மறுபடி ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் சேர்த்த நாளில் சுத்தமாக இருந்த கட்டுரை இடையில் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். ப்ரீபிரிண்ட் (ஜர்னலின் மதிப்பாய்வுக்கு முன் இணையத்தில் இட்ட கட்டுரை) என்றால் அது ப்ரீபிரிண்ட் என்று வரியிலேயே தெரிய வேண்டும். பிறகு ஜர்னலில் வந்துவிட்டதா என்றும் தேடிப் பார்த்து மாற்றுங்கள்.

பிரதி திருத்துநர்

எண் வரிசை குலைவதற்கு இரண்டு இடங்களை முதலில் பாருங்கள்.

ஒன்று அட்டவணை. அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளுக்கு, அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்துத்தான் எண். ‘அட்டவணை 1’ என்று உரையில் வரும்போது எண் 14 வரை போயிருந்தால், அட்டவணையின் முதல் புது மேற்கோள் 15. ஆனால் அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைக்கும்போது மென்பொருள் அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். அட்டவணையைக் குறிப்பிட்ட இடத்திலேயே வைத்து எழுதி முடித்து, எண்களை உறுதி செய்த பிறகு நகர்த்துங்கள்.

இன்னொன்று, திருத்தங்களைக் குறித்து வைக்கும் வேர்டின் ட்ராக் சேஞ்சஸ் வசதி. அது இயங்கும்போது அழித்த மேற்கோள் கோட்டுக்குள் உயிரோடு இருக்கும். எண்ணும் வாங்கிக்கொள்ளும். உரையில் 7க்குப் பின் 9 வருகிறது என்றால் 8ஐ அந்த அழித்த பத்தியில் தேடுங்கள்.

மேலெழுத்து எண் கேட்கும் ஏ.எம்.ஏ. ஜர்னல்களில் அது கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் பின்னால், அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால் வரும். அலகு அல்லது எண்ணின் தலையில் மட்டும் அதை உட்கார வைக்காதீர்கள். சதுர மீட்டரின் 2க்குப் பக்கத்தில் மேற்கோள் 3 நின்றால் 23 என்று வாசிப்பார்கள். வாக்கியத்தைத் திருப்பி, ஆசிரியர் பெயருக்குப் பின்னால் எண்ணை வையுங்கள்.

கூகுள் டாக்ஸில் எழுதி வேர்டுக்குக் கொண்டுபோகிறவர்கள், நேரடியாக .டாக்ஸ் கோப்பாக இறக்கினால் ஸோட்டெரோவின் இணைப்பு அறுந்துவிடும். ஸோட்டெரோ மெனுவில் வேறு சொற்செயலிக்கு மாறும் கட்டளை இருக்கிறது, அதன் வழியாகப் போங்கள்.

அனுப்புவதற்கு முன் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் ஸோட்டெரோவின் அன்லிங்க் கொடுங்கள், மேற்கோள்கள் மென்பொருள் இணைப்பு இல்லாத வெறும் உரையாகும். எண்ட்நோட்டில் ப்ளெயின் டெக்ஸ்ட் ஆக்குவதும் இதே வேலைதான். இணைப்புள்ள மூலத்தைப் பத்திரமாக வையுங்கள், திருத்தம் கேட்டு வரும்போது அதில்தான் வேலை. எண்ட்நோட் நகலில் நெளிவு அடைப்பைத் தேடுங்கள்: { என்று எங்காவது கிடைத்தால் அந்த மேற்கோள் எண்ணாக மாறவே இல்லை.