இழை: ‘மொபைல் சூட்’டுக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

அன்புடையீர்,
சிறுவர் இதழ் ஒன்றுக்காக பெட்டியில் உறுப்புகளாக வந்து, நாமே கட்டும் ஜப்பானிய மாதிரிப் பொம்மைகள் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1979இல் தொலைக்காட்சியில் வந்த ‘கன்டம்’ என்ற கார்ட்டூன் தொடரின் பேருருவங்களை ‘மொபைல் சூட்’ என்கிறார்கள். உயரம் 18 மீட்டர். உடற்பகுதிக்குள் உட்கார்ந்து ஒருவர் ஓட்டுகிறார். ‘ரோபோ’ என்றால் தானே இயங்குவது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். பெட்டிக்குள் உறுப்புகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம் ‘ரன்னர்’; உறுப்பைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு துண்டு ‘கேட்’. இந்த இரண்டுக்கும் சொல் வேண்டும்.
– வா.

வா. அவர்களுக்கு,
முல்லைப்பாட்டில் யவனர் ‘மெய்ப்பை புக்க’, அதாவது சட்டைக்குள் புகுந்த, தோற்றத்தோடு வருகிறார்கள். உடுத்த என்று சொல்லாமல் ‘புக்க’ என்கிறார் புலவர். உள்ளே புகுந்துகொள்ளும் உடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘இயங்கு மெய்ப்பை’ என் பரிந்துரை.
– செ.

> இயங்கு மெய்ப்பை

செ. ஐயா, இன்றைய பிள்ளைக்குப் பை என்றால் புத்தகப் பைதான். ‘மெய்ப்பொறி’ எனலாமே? அந்த உருவத்துக்குக் கை கால் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. விண்வெளியில் கை கால்களை வீசியே எரிபொருள் செலவின்றி உடலைத் திருப்பிக்கொள்ளும் என்பது கதையின் கணக்கு. கதையில் ரேடாரை முடக்கும் ‘மினோவ்ஸ்கி’ என்ற கற்பனைத் துகள் இருப்பதால், கண்ணால் பார்த்து அருகில் நின்றுதான் போரிட முடியும். உடல்தான் அதன் கருவி.

ரன்னருக்குக் ‘கொடி’, கேட்டுக்குக் ‘காம்பு’. நான் பெட்டி கட்டுகிறவன். கையில் பிடித்தாலே இந்தச் சொற்கள் வந்துவிடும். உறுப்பை ஒட்ட நறுக்கக் கூடாது. காம்பில் சற்று விட்டு ஒருமுறை, பிறகு ஒட்டி மறுமுறை. அவசரப்பட்டால் கருநீல பிளாஸ்டிக்கில் வெளுத்த புள்ளி விழும். அது ‘காம்புத் தழும்பு’. 1980இல் பண்டாய் நிறுவனம் விட்ட முதல் 1/144 அளவு (144இல் ஒரு பங்கு) பெட்டியின் விலை 300 யென். பசை போட்டு ஒட்டி, வண்ணமும் நாமே தீட்ட வேண்டும். இப்போது பசையே தேவையில்லை.
– மு.

மு. தம்பி, கொடியும் காம்பும் அருமை, அதில் பேச்சில்லை. ஆனால் மெய், வாய், கண், மூக்கு, செவி ஐந்தும் பொறிகள். தமிழாசிரியர் ‘மெய்ப்பொறி’யைத் தொடுபுலன் என்றுதானே வாசிப்பார்?

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை, அதாவது மயில் வடிவப் பறக்கும் எந்திரத்தை, யாரும் நினைக்கவில்லையே! கிழி (துணி), பயின் (பிசின்), நூல், அரக்கு, மெழுகு என்று பொருள் சேர்த்து ஏழு நாளில் செய்தது. சீவகனின் தாய் விசயை உள்ளிருந்து பொறியை வலமாகத் திருக, மேலெழுந்து பறந்தது. ஆள் ஏறி ஓட்டும் உயிருருவ எந்திரம் நம்மிடம் அப்போதே இருக்கிறது. யானை ஊர்ந்தான், தேர் ஊர்ந்தான் என்கிறோம். ஆகவே ‘ஊர்பொறி’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் நிற்கும்.
– இரா.

இரா. அம்மா, ‘ஊர்பொறி’யைக் கிராமத்து எந்திரம் என்று படிப்பார்கள். மேலும் ‘சூட்’ என்ற பெயர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். வீரன் உடம்பில் அணியும் ஆற்றல் கவசம்தான் மூலக்கரு. அது வளர்ந்துதான் 18 மீட்டர் ஆயிற்று. ‘கவசம்’ விடக் கூடாது.
– மு.

கவசம் வடசொல். சட்டை என்றாவது வையுங்கள்.
– செ.

ஐயா, கந்த சஷ்டி கவசத்தைத் தெரியாத வீடு உண்டா? பிள்ளைகளுக்குப் புரிவது எனக்கு முக்கியம். நாளை காலை படி அனுப்பியாக வேண்டும். ‘பொறிக்கவசம்’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் மொபைல் சூட் என்றும் சேர்ப்பேன். மூவர் தனிமடலில் ஒப்பியிருக்கிறார்கள். கொடி, காம்பு, காம்புத் தழும்பு அப்படியே போகின்றன.
– வா.

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் கவசத்துக்குள் இருப்பவன் தன் காலால் நடக்கிறான்; இங்கே அவன் உட்கார்ந்து ஓட்டுகிறான். இந்த வேறுபாட்டைப் பொறிக்கவசம் மறைத்துவிடுகிறது. அடுத்த பதிப்புக்கு ‘ஊர்பொறி’யை மறுபடி எழுதுவேன்.
– இரா.