பல்பு எரிந்தால் மின்னோட்டம் தீர்ந்துபோகுமா?

மின்சுற்றுப் பாடத்தை நான் ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன். ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடரிணைப்பு, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக. சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, எந்தப் பல்பு அதிகப் பிரகாசமாக எரியும் என்று கேட்பேன். பெரும்பாலான பிள்ளைகள் மின்கலத்தின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டுவார்கள். மின்சாரம் முதலில் அங்கேதான் போகிறது, அது எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அடுத்ததற்கு என்று காரணமும் சொல்வார்கள்.

இது யோசிக்காமல் சொன்ன விடை இல்லை. மின்கலம் தீர்ந்துபோவதை அவர்களே பார்த்திருக்கிறார்கள். அதனால் ‘தப்பு’ என்று உடனே வெட்டிவிட மாட்டேன். கணிப்பையும் காரணத்தையும் நோட்டில் எழுதச் சொல்வேன். எழுதாமல் விட்டால், விடை தெரிந்ததும் ஆளாளுக்கு "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்பார்கள். பழைய எண்ணம் உள்ளே அப்படியே இருக்கும்.

சுவிட்சைப் போட்டால் இரண்டும் ஒரே அளவில் எரியும். ஒருமுறை ஒரு மாணவி இதை ஏற்கவில்லை. "வித்தியாசம் இருக்கும் மிஸ், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதா இருக்கும்" என்றாள். நல்ல சந்தேகம். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை அவளிடமே கொடுத்தேன். முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்திலும் அளந்தாள். ஒரே அளவு. மின்கலத்தைத் திருப்பிப் போட்டும் பார்த்தாள். அப்போதும் அதே. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ மின்கலம் ஏன் மிஸ் தீர்ந்துபோகுது?" என்று கேட்டாள்.

அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் விளக்கம் உள்ளே இறங்குகிறது. சைக்கிள் செயினை வைத்துச் சொன்னேன். செயின் சுற்றிச் சுற்றி வருகிறது, வழியில் எங்கும் குறைவதில்லை. களைத்துப்போவது மிதிக்கிறவர்தான். அதுபோல மின்னூட்டம் போன அளவே திரும்பி வருகிறது. மின்கலத்துக்குள் நடக்கும் வேதிவினை தரும் ஆற்றல்தான் பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. ஏதோ ஒன்று செலவாகிறது என்று அவள் நினைத்தது சரிதான், செலவாவது ஆற்றல். பிள்ளைகளின் தவறான கருத்துக்குள் இப்படி ஒரு சரியான பகுதி அநேகமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பாராட்டினால் மீதியை விட்டுக்கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை.

ஒளிச்சேர்க்கையிலும் இதையேதான் பார்க்கிறேன். மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘மண்ணிலிருந்து’ என்பார்கள். அப்போது 17ஆம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்ட்டின் சோதனையைச் சொல்வேன். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம் கூட இல்லை! எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்த பிறகு, 1648இல் இது நூலில் வெளிவந்தது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் பங்கு அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய அறிஞரே பாதி வழியில் நின்றார் என்று கேட்டதும் பிள்ளைகளின் கூச்சம் போய்விடும்.

ஆனால் காற்றிலிருந்து மரமா என்று நம்ப மாட்டார்கள். காற்றுக்கு எடையே இல்லை என்ற இன்னொரு எண்ணம் அடியில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. காற்றடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு பந்தைத் துல்லியமான தராசில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் மேலே போவேன்.

தேர்வில் சரியாக எழுதிவிட்டார்கள் என்று நான் அங்கேயே விடுவதில்லை. சில வாரம் கழித்து, பல்புக்குப் பதில் சிறு மோட்டாரை இணைத்து, அதற்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்பேன். பல்புக்குச் சரியாகச் சொன்னவர்களில் சிலர் மோட்டாரைக் கண்டதும் பழைய விடைக்கே போவார்கள். சரி, அவர்கள் கையில் மறுபடியும் அம்மீட்டர். விளக்கம் அப்புறம்.